குளியலறை டைல்ஸ் இடுக்குக்கு ஏற்ற கிரவுட் எது? – ஈரக்காற்று ஊர் வணிகர்கள் அறிய வேண்டியவை



பலசரக்குக் கடைக்காரருக்கும் குளியலறைக்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பைப் பார்த்தவுடன் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் மூன்று வகையில் இருக்கிறது. ஒன்று, நம்மில் பலருக்குக் கீழே கடையும் கிட்டங்கியும், மேலே வீடும் இருக்கின்றன. மேலே குளிக்கும் தண்ணீர் கீழே இறங்கினால் நனைவது நம் சரக்கு. இரண்டு, வெள்ளை சிமென்ட் பொட்டலம், ஆசிட், பிளீச்சிங் பவுடர் ஆகிய மூன்றையும் கிராமங்களில் விற்பவர்கள் பெரும்பாலும் பலசரக்குக் கடைக்காரர்களே. மூன்று, கையில் நாலு காசு சேர்ந்தால் வாடகைக்கு வீடு கட்டிப் போடுவது நம் வணிகர்களின் வழக்கம். ஆகவே இந்தச் சிறு விஷயம் நம் எல்லோர் வீட்டுக் கணக்கிலும் கடைக் கணக்கிலும் வந்து சேருகிறது.

நாங்கள் நாகர்கோவிலில் சிமென்ட், பெயிண்ட், டைல்ஸ் சாமான்களை மொத்தமாக விற்று வருகிறோம். படித்தது பள்ளிக்கூடப் படிப்புதான். இங்கே எழுதுவது கல்லாவில் அமர்ந்தும், வேலை நடக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்த்தும், கைக்காசு இழந்தும் கற்றுக்கொண்டது.

எங்களுக்குப் பாடம் புகட்டிய ஒரு நிகழ்ச்சி

2010-ஆம் ஆண்டு. எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கிட்டங்கிக்கு மேலே வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் பலசரக்கு மொத்த வியாபாரி. டைல்ஸ், குழாய், பெயிண்ட் எல்லாம் நம் கடையில்தான் எடுத்தார். கடைசியாக ஒரு நாள் பையனை அனுப்பி, “அண்ணாச்சி, பாத்ரூம் டைல்ஸ் ஒட்டியாச்சு. இடுக்கு அடைக்க வெள்ளை சிமென்ட் அஞ்சு கிலோ குடுத்து விடுங்க. அதுவே போதும்னு கொத்தனார் சொல்லிட்டாரு” என்று சொல்லச் சொன்னார். கொடுத்து அனுப்பினோம். அதே அலமாரியில் கிரவுட் பாக்கெட்டும் இருந்தது. கேட்காத சரக்கை ஏன் தலையில் கட்ட வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டோம்.

அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் அவருடைய கிட்டங்கியின் மேல்தளத்தில் ஓதம் தெரிந்தது. மழைத் தண்ணீர்தான் சுவர் வழியாக இறங்குகிறது என்று எண்ணி வெளிச்சுவருக்குப் பூச்சு அடித்தார். தை மாதம் வந்து மழை முற்றிலும் நின்ற பிறகும் ஓதம் காயவில்லை. அதற்குள் சுவரோரம் அடுக்கியிருந்த பதினொரு மூட்டை சீனி அடியில் கட்டியாகிவிட்டது. பொட்டுக்கடலையில் பூசணம் பிடித்துவிட்டது. பிறகு யாரோ சொன்ன யோசனைப்படி மாடிக் குளியலறையைப் பத்து நாள் பூட்டிப் போட்டார். ஓதம் காயத் தொடங்கியது. காரணம் மழையல்ல, குளியலறை என்பது அப்போதுதான் விளங்கியது.

தரையைப் பெயர்த்தபோது நாங்களும் போய்ப் பார்த்தோம். டைல்ஸ்களை இடைவெளியே விடாமல் ஒன்றோடொன்று ஒட்டிப் பதித்திருந்தார்கள். வெள்ளை சிமென்ட் மேலாகப் பூசப்பட்டிருந்ததே தவிர உள்ளே இறங்கவே இல்லை. சுவரும் தரையும் சேரும் மூலையில் அது விரிந்து உதிர்ந்திருந்தது. வாரந்தோறும் ஆசிட் ஊற்றிக் கழுவியதால் மீதமிருந்ததும் அரித்துப் போயிருந்தது. டைல்ஸுக்கு அடியில் நீர்க்காப்புப் பூச்சு என்று எதுவும் இல்லை.

கொத்தனார் டைல்ஸைக் குறை சொன்னார். டைல்ஸ் விற்ற நாங்கள் கொத்தனாரைக் குறை சொன்னோம். வாடிக்கையாளர் யாரையும் திட்டவில்லை. “நான் சீனி விக்கிறவன், எனக்குச் சிமென்ட் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கு எங்களிடம் பதில் இல்லை. அவர் கேட்காமலே நஷ்டத்தில் ஒரு பகுதியை ஏற்று அவர் பற்றில் கழித்தோம். அவர் கேட்டதை நாங்கள் கொடுத்தோம். ஆனால் நாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து சில கேள்விகளைக் கேட்காமல் ஒரு கிலோ சரக்குகூட இந்த வகையில் கொடுப்பதில்லை. அந்தக் கேள்விகளைச் சக வணிகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஈரக்காற்று என்ன செய்கிறது?

இரண்டு டைல்ஸுக்கு இடையே உள்ள இடுக்கை அடைக்கும் சாந்துக்குத்தான் கிரவுட் என்று பெயர். நம் கொத்தனார்கள் ஜாயிண்ட் பில்லர் என்றும் சொல்வார்கள்.

டைல்ஸின் மேற்பரப்பு பளபளப்பானது. அதில் தண்ணீர் இறங்காது. சிமென்ட்டால் ஆன இடுக்கு அப்படியல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் அதில் உண்டு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். வறண்ட ஊர்களில் காலையில் இழுத்த தண்ணீர் மாலைக்குள் காய்ந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலும் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். ஐந்தாறு பேர் காலையும் மாலையும் குளிக்கும் வீட்டில் இடுக்கு காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை.

காயாத இடுக்கில் சோப்பு அழுக்கும் உடம்பு எண்ணெயும் படியும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளரும். நாம் பார்க்கும் கறுப்புக் கோடு அதுதான். சிமென்ட்டைத் தின்று பூஞ்சை வளர்வதில்லை; அதன்மேல் படிந்த அழுக்கைத் தின்றே வளர்கிறது. ஆகவே நம் ஊருக்கு ஏற்ற கிரவுட் என்றால் தண்ணீரைக் குறைவாக இழுப்பது, விரிசல் விடாதது, அழுக்கு ஒட்டாதது என்ற மூன்று குணங்கள் உள்ளதாக இருக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் சரக்குகள்

முதலாவது வெள்ளை சிமென்ட். மொசைக் தரை போட்ட காலத்திலிருந்து கொத்தனார்களுக்குக் கைப்பழக்கமான சரக்கு. விலை மலிவு. ஆனால் அதைத் தனியாகக் குழைத்து இடுக்கில் அடைத்தால் காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல் விடும். தண்ணீரை நன்றாக இழுக்கும். சில மாதங்களில் பழுத்துக் கறுத்துவிடும். வரவேற்பறைச் சுவர் ஓரம், பூஜை அறை போன்ற தண்ணீர் படாத இடத்துக்குப் போதும். நாள்தோறும் நனையும் குளியலறைக்குப் போதாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுவருக்குப் பூசும் வால் புட்டியை வெள்ளை சிமென்ட் என்று எண்ணி இடுக்கில் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வெள்ளைப் பொடியாக இருப்பதால் வரும் குழப்பம் இது. புட்டி பெயிண்ட்டுக்கு அடியில் பூசுவதற்கான சரக்கு. குளியலறை இடுக்கில் அது நிற்காது. விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, பாக்கெட்டில் வரும் சிமென்ட் கிரவுட். இதில் சிமென்ட்டோடு நைசான நிரப்புப் பொடியும், பசைத்தன்மை தரும் பாலிமர் பொடியும், நிறமும் ஆலையிலேயே அளவாகக் கலந்திருக்கும். பாலிமர் இருப்பதால் சுருக்கம் குறைவு, பிடிப்பு அதிகம், தண்ணீர் இழுப்பதும் குறைவு. இதிலேயே மணல் கலந்தது, கலக்காதது என இரு வகை உண்டு. இடுக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மணல் இல்லாத நைஸ் ரகம். அதற்கு மேல் அகலமானால் மணல் கலந்த ரகம். அகல இடுக்கில் நைஸ் ரகத்தை அடைத்தால் விரிசல் விடும். குறுகிய இடுக்கில் மணல் ரகத்தை அடைத்தால் உள்ளே இறங்காது.

சில கம்பெனிச் சரக்கின் பாக்கெட்டில் சி.ஜி.1, சி.ஜி.2 என்ற எழுத்துகளைக் காணலாம். இ.என். 13888, ஐ.எஸ்.ஓ. 13007 ஆகிய தர விதிகளின் குறியீடு இது. சி.ஜி. என்றால் சிமென்ட் கிரவுட். 1 சாதாரணம், 2 மேம்பட்டது. அதோடு டபிள்யூ என்ற எழுத்தும் இருந்தால் தண்ணீர் இழுப்பது குறைக்கப்பட்ட சரக்கு என்று பொருள். குளியலறைக்குச் சிமென்ட் கிரவுட் கேட்பவருக்கு சி.ஜி.2 டபிள்யூ ரகத்தை எடுத்துக் கொடுப்பது நலம்.

மூன்றாவது எபாக்ஸி கிரவுட். இதில் சிமென்ட் கிடையாது. ரெசின் ஒன்று, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒன்று, நிரப்புப் பொடி ஒன்று என செட்டாக வரும். தர விதியில் இதற்கு ஆர்.ஜி. என்று குறியீடு. இறுகிய பிறகு தண்ணீரை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. கறை பிடிக்காது. நீர்த்த ஆசிட்டையும் தாங்கும். ஆனால் விலை சிமென்ட் கிரவுட்டைப்போல் பல மடங்கு. வேலைக்கூலியும் கூடுதல். கைதேர்ந்த ஆள் வேண்டும். வெயில் நேராக விழும் இடத்தில் வெள்ளை எபாக்ஸி நாளடைவில் மஞ்சளித்துப் போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்த இடத்துக்கு எது?

எல்லா இடத்துக்கும் விலை உயர்ந்த சரக்கே வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். இடம் பார்த்துச் சரக்கு கொடுப்பதே வியாபாரம்.

குளியலறைத் தரையும், குளிக்கும் இடத்தில் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரச் சுவரும் எப்போதும் தண்ணீர் தெறிக்கும் பகுதி. வசதி உள்ளவர்கள் இங்கே எபாக்ஸி போடலாம். மற்றச் சுவர்களுக்குப் பாலிமர் கலந்த சிமென்ட் கிரவுட் தாராளமாகப் போதும். வாடகை வீடு கட்டுபவர்கள் தரைக்கு மட்டுமாவது எபாக்ஸி போட்டால், குடிவருபவர் நீர்த்த ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் இடுக்கு தாங்கும். பணம் குறைவாக உள்ளவர்கள் முழுவதும் நல்ல சிமென்ட் கிரவுட்டே போட்டு, அது நன்கு இறுகிக் காய்ந்த பிறகு இடுக்கின்மேல் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் சீலர் ஒரு கை பூசலாம். ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ அதைத் திரும்பப் பூச வேண்டியிருக்கும்.

நிறத்திலும் கவனம் வேண்டும். தரை இடுக்குக்கு வெள்ளை கேட்பவர்களிடம் சாம்பல் நிறத்தையோ சந்தன நிறத்தையோ எடுத்துக் காட்டுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தால் வெள்ளை இடுக்கு செம்பழுப்பாகிவிடும். உப்புத் தண்ணீரானால் அடர்ந்த நிறங்களின் மேல் வெள்ளை படரும். நடுத்தர நிறமே நம் தண்ணீருக்கு ஏற்றது.

எவ்வளவு சரக்கு பிடிக்கும்?

எங்கள் அனுபவத்தில் வாடிக்கையாளர் மனத்தை மாற்றுவது இந்தக் கணக்குதான். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டைல்ஸின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் கூட்டி, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். வந்த விடையை இடுக்கின் அகலத்தாலும், டைல்ஸ் கனத்தாலும், பிறகு 1.6 என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும்.

ஒரு குளியலறை 8 அடி நீளம், 5 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். தரை 40 சதுர அடி. சுவரில் 7 அடி உயரம் டைல்ஸ் என்றால், கதவு போக ஏறத்தாழ 165 சதுர அடி. தரைக்கு 300-க்கு 300 டைல்ஸ், 8 மில்லிமீட்டர் கனம், 3 மில்லிமீட்டர் இடுக்கு என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய கால் கிலோ. தரை முழுவதற்கும் ஒரு கிலோ. சுவருக்கு 300-க்கு 600 டைல்ஸ், அதே கனம், 2 மில்லிமீட்டர் இடுக்கு என்றால் சுமார் 2 கிலோ. சேதாரம் சேர்த்து மொத்தம் மூன்றரை கிலோ.

ஒரு முழுக் குளியலறைக்குத் தேவைப்படும் கிரவுட் இவ்வளவுதான். டைல்ஸுக்கும் குழாய்க்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர், இந்த மூன்றரை கிலோவில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். தரைக்கு மட்டும் எபாக்ஸி என்றால் ஒரு கிலோ செட்டையொட்டியே முடிந்துவிடும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மறுபேச்சின்றி நல்ல சரக்கையே எடுப்பார்கள் என்பது எங்கள் அனுபவம்.

கிரவுட் செய்யாத வேலைகள்

எபாக்ஸி போட்டுவிட்டால் ஒழுகவே ஒழுகாது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. இது தவறு. கிரவுட் இடுக்கை அடைக்கும் சரக்கு. தளத்துக்குள் தண்ணீர் இறங்காமல் தடுக்க டைல்ஸ் பதிப்பதற்கு முன்பே நீர்க்காப்புப் பூச்சு பூசியிருக்க வேண்டும். அந்தப் பூச்சு தரையில் மட்டும் அல்லாமல், குளிக்கும் பக்கத்துச் சுவரிலும் ஏற வேண்டும். பூச்சு காய்ந்ததும் தரையில் தண்ணீர் தேக்கி ஒரு நாளாவது வைத்து, கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும். கீழே கிட்டங்கி உள்ளவர்கள் இந்த ஒரு சோதனையை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வாட்டம் இல்லாத தரையில் எந்தக் கிரவுட்டும் நெடுநாள் நிற்காது. 8 அடி நீளத்துக்கு ஓர் அங்குலமாவது வடிகால் பக்கம் சரிவு இருக்க வேண்டும்.

சுவரும் தரையும் சேரும் மூலை, இரண்டு சுவர்கள் சேரும் மூலை, குழாய் வெளியே வரும் துளை, வாஷ் பேசின் சுவரைத் தொடும் ஓரம் ஆகிய இடங்களில் கிரவுட்டே கூடாது. வெயிலுக்கும் பாரத்துக்கும் கட்டடம் சிறிதளவு அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவு முதலில் தெரிவது மூலைகளில்தான். இறுகிப்போகும் சரக்கு அங்கே விரிந்துவிடும். ரப்பர் போல வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் சீலண்ட்டையே அங்கு பயன்படுத்த வேண்டும். அதிலும் குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்ந்த ரகம் தனியாக வருகிறது. எங்கள் வாடிக்கையாளர் வீட்டில் முதலில் வாய் பிளந்தது அந்த மூலைதான். ஒரு டியூப் சிலிக்கோன் பதினொரு மூட்டை சீனியைக் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. டைல்ஸ்களுக்கு இடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தே ஒட்டச் சொல்லுங்கள். இடைவெளி இல்லாமல் ஒட்டுவது பார்வைக்கு அழகு, தண்ணீருக்கு வாசல். இடம் இல்லாத இடத்தில் கிரவுட் எப்படி இறங்கும்?

2. டைல்ஸ் ஒட்டி ஒரு நாளாவது கழிய வேண்டும். சிமென்ட் சாந்தில் பதித்த டைல்ஸானால் அடிச்சாந்து காய இன்னும் சில நாட்கள் விட வேண்டும். இடுக்கில் நிற்கும் பழைய சாந்தைச் சுரண்டித் தூசியைத் துடைத்துவிட வேண்டும்.

3. தண்ணீரைப் பாக்கெட்டில் போட்ட அளவே சேர்க்க வேண்டும். எளிதாக ஓட வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் இடுக்கு வலுவிழந்து பொடியாக உதிரும்; நிறமும் திட்டுத் திட்டாகும். குழைத்தது இறுகத் தொடங்கிய பிறகு மீண்டும் தண்ணீர் ஊற்றிக் குழைக்கக் கூடாது.

4. ரப்பர் கட்டையால் இடுக்குக்குக் குறுக்கே சாய்வாக அழுத்தி இழுக்க வேண்டும். விரலால் தடவி விடுவது வேலை அல்ல.

5. மேலே படிந்ததை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். பஞ்சில் தண்ணீர் சொட்டக் கூடாது.

6. எபாக்ஸி செட்டைக் கண்மதிப்பில் பிரித்துக் கலக்கக் கூடாது. ஒரு செட்டை முழுவதுமாகக் கலக்க வேண்டும். கலந்தது முக்கால் மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கிவிடும். வெயில் நேரத்தில் இன்னும் சீக்கிரம். மேலே படிந்ததை உடனுக்குடன் துடைக்காவிட்டால் டைல்ஸே பாழ். கையுறை அவசியம். இடுக்கும் முற்றிலும் காய்ந்திருக்க வேண்டும்.

7. முடிந்த பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது. எபாக்ஸியானாலும் சிமென்ட்டானாலும் கம்பெனி சொல்லும் நாள் கணக்கைக் காத்த பிறகே குளிக்கலாம்.

பழைய குளியலறையைச் சரிசெய்ய வருபவர்கள் கறுத்த இடுக்கின் மேலேயே புதுக் கிரவுட்டைத் தடவக் கேட்பார்கள். அது சில மாதங்களில் செதில் செதிலாக உரிந்துவிடும். பழையதை இடுக்கின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்காவது சுரண்டி எடுத்து, உலர்த்தி, அதன் பிறகு அடைக்க வேண்டும்.

பலசரக்குக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல்

சிமென்ட் கிரவுட்டுக்கு முதல் எதிரி ஆசிட். சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை ஆசிட் கரைத்துவிடும். கழுவியவுடன் இடுக்கு வெளேரென்று தெரிவதற்குக் காரணம், அழுக்கோடு சேர்த்து இடுக்கின் மேல்தோலும் போய்விட்டதுதான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். வாரம் ஒரு முறை ஆசிட் ஊறினால் சிமென்ட் என்ன பாடு படும்? கழிப்பறைக் கோப்பைக்கு வாங்கும் திரவத்தைத் தரையில் ஊற்றக் கூடாது என்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தரைக்குச் சோப்புத் தூளோ ஆப்பச் சோடாவோ போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கறுப்புப் போவதற்காக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுவாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒரே ஆள் இரண்டையும் சேர்த்துக் கேட்டால், “ஒண்ணாக் கலக்கிராதீங்க” என்று சொல்லிக் கொடுக்க வேண்டியது நம் கடமை. சில்லறையில் ஆசிட் விற்பது பற்றி 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவையும் நினைவில் வையுங்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். புகைப்பட அடையாள அட்டை பார்க்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. பழைய புட்டியில் ஊற்றி விற்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

இருப்பு வைப்பதில் கவனம்

வெள்ளை சிமென்ட்டும் கிரவுட்டும் சீனியைப் போலத்தான். ஈரக்காற்றில் கட்டியாகிவிடும். தரையில் நேராக அடுக்காமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள். முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். சாதாரண சிமென்ட்டே மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் வலு குறையத் தொடங்கும். பாக்கெட்டைக் கையால் அழுத்திப் பார்த்து உள்ளே கட்டி தென்பட்டால் அதை விற்காதீர்கள். உடைத்துச் சலித்துக் கொடுப்பது நம் பெயரைக் கெடுக்கும். ஒரே வீட்டுக்குக் கொடுக்கும்போது எல்லாப் பாக்கெட்டும் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நிறம் மாறித் தெரியும்.

பெரிய மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ கவரில் போட்டு, எந்த விவரமும் அச்சிடாமல் விற்பது பொட்டலச் சரக்கு விதிகளுக்கு மாறானது. வரி விவரத்தையும் பில் போடுபவர்கள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளால் விளையும் கேட்டுக்கு, உற்பத்தியாளரோடு விற்பவரும் பொறுப்பாகும் நிலைமைகளை அது வகுத்திருக்கிறது. கம்பெனி தரும் எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காமல் விடுவதும் அவற்றில் ஒன்று. ஆகவே பாக்கெட்டோடு வரும் செய்முறைத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளாமல் கொடுத்து அனுப்புங்கள்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எங்கள் கடையில் கல்லாவுக்கு எதிரே ஒரு அட்டையில் ஐந்து கேள்விகளை எழுதி மாட்டியிருக்கிறோம். கடைப் பையன்களுக்கும் மனப்பாடம்.

தண்ணீர் படும் இடமா, படாத இடமா?

இடுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

அடியில் நீர்க்காப்புப் பூச்சு போட்டாயிற்றா?

மூலைகளுக்குச் சிலிக்கோன் எடுத்தாயிற்றா?

எதை ஊற்றிக் கழுவுவீர்கள்?

இந்த ஐந்தையும் கேட்க இரண்டு நிமிடம் ஆகாது. சில நேரம் மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வரும். அப்போது கிரவுட்டைக் கொடுக்காமல், முதலில் அந்த வேலையை முடித்துவிட்டு வரச் சொல்லுகிறோம். அன்றைய வியாபாரம் கைவிட்டுப் போகலாம். ஆனால் அப்படிப் போனவர்களில் பலர் திரும்பி வந்து, வேண்டிய எல்லாச் சரக்கையும் நம்மிடமே எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பலசரக்கு வியாபாரி இன்றும் எங்கள் வாடிக்கையாளர். குளியலறைத் தரையை முழுவதும் பெயர்த்து, பூச்சு போட்டு, தண்ணீர் தேக்கிப் பார்த்து, இடைவெளி விட்டு டைல்ஸ் ஒட்டி, தரைக்கு எபாக்ஸியும் மூலைக்குச் சிலிக்கோனும் போட்டோம். பக்கத்தில் நின்று வேலை வாங்கியது நாங்கள்தான். அதற்குப் பிறகு எத்தனையோ ஐப்பசி, கார்த்திகை வந்து போய்விட்டன. அவருடைய கிட்டங்கித் தளம் இன்றுவரை உலர்ந்தே இருக்கிறது. சுவரோரம் சீனி மூட்டைகளை அடுக்கும்போதெல்லாம் அவர் ஒரு முறை அண்ணாந்து பார்த்துக்கொள்வதை மட்டும் இன்னும் விடவில்லை.

அவரை அப்படி அண்ணாந்து பார்க்க வைத்ததில் நமக்கும் பங்கு உண்டு. வாங்க வருபவருக்குச் சரக்கு தெரியாது. விற்கும் நமக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விற்ற சரக்கு, மலிவானாலும் விலை கூடியதானாலும், பாதி விற்ற சரக்குதான். சொல்லி விற்போம். வாடிக்கையாளர் நலனே வணிகர் நலன் என்பதை மறவாதிருப்போம்.